வண்டி பெரிதா, வல்லமை பெரிதா?

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ-32 வீதி எமது வெள்ளாங்குளத்தை ஊடறுத்துச் செல்கின்றது. போர்க் காலத்தில் குண்டும் குழியுமாய்க் கிடந்த அவ்வீதி பின்னர் புதுப்பிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலமும் திறக்கப்பட்டது. அன்று தொடக்கம் எம்மூர் இளைஞர்களுக்கு ஒரு புதிய சோதனையும் பிறந்தது எனலாம். நூல் பிடித்தாற்போல் நேராக நீண்டு கிடக்கும் கரிய வீதி, மேற்கே கடற்காற்று, கிழக்கே காடும் வயலும், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஆளரவம் இல்லை. இத்தகைய வீதியைக் கண்டதும் மோட்டார் சைக்கிளின் முறுக்குப்பிடி தானாகவே திரும்பிவிடுகின்றது. இரவில் அதே வீதியிற் சூட்டுக்காக மாடுகள் படுத்துக் கிடக்கும் என்பதும், கச்சான் காற்றுப் பக்கவாட்டில் அடிக்கும்போது வண்டி ஒரு முழம் விலகும் என்பதும் இளமைக்கு எப்போதும் பிந்தித்தான் நினைவுக்கு வருகின்றன.

வேகத்தின் மீது மனிதனுக்கு உள்ள ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அதனை வெறுத்து ஒதுக்குவது எமது நோக்கமும் அன்று. ஆசைக்கு உரிய இடமும், ஆசைக்கு உரிய அளவும் எவை என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள். இப்பொருளை எழுதும்படி எம்மைத் தூண்டியது ஒரு கைத்தொலைபேசி அழைப்பு.

எமது தங்கைக்கு ஒரே மகன். சென்னையிற் பொறியியல் படித்து முடித்து, அங்கேயே ஒரு நிறுவனத்திற் பணிபுரிகின்றான். சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை அவன் எம்மை அழைத்து, "மாமா, நான் பந்தயத் தடத்தில் ஓடப் போகிறேன். ஆயிரம் சி.சி. வண்டி ஒன்று கைமாற்றாக வருகிறது. அம்மா பணம் தருவதாகச் சொல்லிவிட்டார். நீங்கள் மட்டும் மறுத்துப் பேசாதிருந்தால் போதும்" என்றான்.

தங்கையிடம் பணம் ஏது என்று நாம் திகைத்தோம். மறுநாட் காலை அவள் வீட்டுக்குச் சென்றபோது விடை கிடைத்தது. இரட்டைப்பட்டுச் சங்கிலி ஒன்றை அவள் மேசைமேல் வைத்திருந்தாள். 2008ஆம் ஆண்டு போர் எமது ஊரை நெருங்கியபோது, எட்டு வயது மகனைக் கையிற் பிடித்துக்கொண்டு வெளியேறியவள் அவள். அச்சங்கிலியை உட்பாவாடையின் மடிப்புக்குள் வைத்துத் தைத்திருந்தாள். கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று இடம் மாறி இடம் மாறி, கணவனையும் இழந்து, முகாமுக்குப் போய் மீண்டு வந்தபோது அவளிடம் மிஞ்சியவை இரண்டே. ஒன்று அந்த மகன். மற்றது அந்தச் சங்கிலி. இப்போது ஒன்றை விற்று மற்றதற்கு வேகம் வாங்கிக் கொடுக்க அவள் துணிந்துவிட்டாள். "தகப்பன் இல்லாத பிள்ளை, அண்ணா. இதுவரை ஒன்றும் கேட்டதில்லை" என்றாள். நாம் வாய் திறக்கவில்லை.

மறுத்துப் பேசும் உரிமை எமக்கு உண்டா என்ற ஐயமும் இருந்தது. ஏனெனில், அவனுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் நாமே. முகாமிலிருந்து திரும்பிய சில ஆண்டுகளின் பின்னர், எமது பழைய ஹொண்டா எம்.டி. 90 வண்டியில் அவனை முன்னே அமர்த்திக் கிறவல் வீதியிற் பழக்கினோம். யப்பான் நாட்டுத் தபாற்காரர்கள் கடிதம் விநியோகிப்பதற்காக உருவாக்கப்பட்ட வண்டி அது. அதன் அருமையை எமது தலைமுறை அறியும். 1990ஆம் ஆண்டின் பின்னர் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடைக்காத காலத்தில், அதனை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சிறிய போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் ஊதிவிட்டு, உதைத்து உதைத்து இயங்கச் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வெண்புகை கக்கிக்கொண்டு அது எம்மை வைத்தியசாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சுமந்தது. பரிவலு ஏழோ எட்டோ. ஆயினும் அதனிடம் நாம் கற்றவை பல.

கற்காமல் விழுந்த கதையும் ஒன்று உண்டு. எமக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். நண்பர் ஒருவரிடம் பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது, 350 சி.சி. கொண்டது. அதன் முழக்கமே எம்மை மயக்கிற்று. ஒரு நாள் இரந்து வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். நேர் வீதியில் நாம் அரசன். வளைவு வந்தபோதோ, பிரேக்கை எவ்வளவு அழுத்துவது, எப்போது விடுவது, உடலை எப்பக்கம் சாய்ப்பது என்று எதுவுமே கை கால்களுக்குத் தெரியவில்லை. தெரியாத கை இறுகப் பிடித்தது. முன்சக்கரம் கிறவலிற் சறுக்கியது. காறையெலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டுடன் கிடந்தோம். வண்டியின் குற்றம் ஒன்றுமில்லை. எமது வல்லமைக்கும் அதன் வலிமைக்கும் இடையே கிடந்த பள்ளத்திலேதான் நாம் விழுந்தோம்.

நிற்க. பந்தயத் தடம் என்பது யாது, அங்கே பயிற்சி ஓட்டம் என்பது யாது என்பதை முதலிற் பார்ப்போம்.

சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை என்னும் இடம் உண்டு. அங்கே 1990ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் கழகம் ஓர் ஓட்டத் தடத்தை அமைத்தது. ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீற்றர், வளைவுகள் 12. அதற்கு முன்னர் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையிலே பந்தயங்கள் நடந்தன. கோயம்புத்தூரிற் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற இன்னொரு தடம் உண்டு. அதன் சுற்று 2.1 கிலோமீற்றர். எமது நாட்டிலும் இவ்வழக்கம் பழையதே. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. களுத்துறைக்கு அருகேயுள்ள கட்டுக்குருந்தை விமான ஓடுபாதையும் சோழவரத்தைப் போலவே பந்தயக் களமாயிற்று.

இத்தகைய தடத்திற் பந்தயம் இல்லாத நாள்களிற் பொதுமக்கள் கட்டணம் செலுத்தித் தத்தம் வண்டிகளை ஓட்டிப் பழகுவதுண்டு. பரிசு இல்லை; வெற்றி தோல்வி இல்லை. தொடக்கக்காரர், இடைநிலையினர், தேர்ந்தவர் என்று குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குப் பதினைந்து இருபது நிமிடமாக முறைவைத்து விடுவார்கள். எதிரே வாகனம் வாராது. மாடு குறுக்கே நில்லாது. வளைவுக்கு வெளியே விழுந்து உருள இடமுண்டு. அம்புலன்ஸ் வண்டி காத்து நிற்கும். மஞ்சட் கொடி ஆட்டினால் முந்தக்கூடாது. சிவப்புக் கொடி கண்டால் ஓட்டம் நிறுத்தப்பட்டது என்பது பொருள். வேகத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டும். கறுப்புக் கொடி ஒருவரைக் குறித்துக் காட்டப்பட்டால் அவர் உடனே உள்ளே வரவேண்டும். வேகத்தில் ஆசையுள்ள பிள்ளை ஏ-32 வீதியில் ஓடுவதைவிட இத்தகைய இடத்தில் ஓடுவது ஆயிரம் மடங்கு நன்று. ஆகவே, தடத்துக்குப் போவதை நாம் மறுக்கவில்லை. எதில் ஏறிப் போவது என்பதே கேள்வி.

இக்கேள்விக்குக் கணக்கு ஒரு விடை தருகின்றது. ஓசூரில் டி.வி.எஸ். நிறுவனம் உருவாக்கி 2017ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டியை எடுத்துக்கொள்வோம். இயந்திரம் 312 சி.சி.; வெளியானபோது வலு 34 பரிவலு; நிறை ஏறத்தாழ 170 கிலோகிராம். அதாவது, ஒரு கிலோவுக்கு ஐந்திலொரு பரிவலு. ஆயிரம் சி.சி. பந்தய வகை வண்டியின் வலுவோ ஏறத்தாழ 200 பரிவலு. நிறை ஏறத்தாழ 200 கிலோகிராம். ஒரு கிலோவுக்கு ஒரு பரிவலு. ஐந்து மடங்கு வேறுபாடு! நிறை முப்பது கிலோதான் கூடியது. வேகம் பிறக்கும் விதமோ முற்றிலும் வேறு. அவ்வகை வண்டி முதற் கியரிலேயே மணிக்கு 140 கிலோமீற்றரைக் கடந்துவிடும். முறுக்குப்பிடியில் அரை விரல் அளவு பிழைத்தாற் பின்சக்கரம் பிடிப்பை இழக்கலாம். முன்சக்கரம் ஆகாயத்தைப் பார்க்கலாம். இக்காலத்து வண்டிகளில் இவற்றைத் தடுக்கும் மின்னணுக் காவல்கள் உண்டு என்பது உண்மையே. ஆனால், காவற்காரன் இருக்கின்றான் என்று கதவைத் திறந்து வைப்பவர் எவருமில்லை.

இன்னொரு கணக்கையும் மாணவர்கள் தாளில் எழுதிப் பார்க்கலாம். பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நல்ல தளத்தில், செக்கனுக்குச் செக்கன் 8 மீற்றர் வீதம் வேகத்தைக் குறைக்க வல்லவர் என்று கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றரில் நிற்க ஏறத்தாழ 17 மீற்றர் வேண்டும். 100இல் 48 மீற்றர். 200இல் 193 மீற்றர். இது கை பிரேக்கைத் தொட்ட பிறகு ஓடும் தூரம். தொடுவதா விடுவதா என்று திகைத்து நிற்கும் ஒரு செக்கனில், 200 கிலோமீற்றர் வேகத்தில் மேலும் 55 மீற்றர் பறந்துவிடும். பெரிய வண்டி நேர்ப்பாதையில் எவரையும் வீரராக்கிவிடும். பிறகு அந்த வீரரை வளைவின் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்தி, "இனி உன் பாடு" என்று சொல்லிவிடும்.

வளைவிலேதான் வித்தை இருக்கின்றது. ரயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு ஒரு பானைச் சோறு போன்றது. பிரேக்குக்கும் அதிலிருந்தே அள்ள வேண்டும். திரும்புவதற்கும் அதிலிருந்தே அள்ள வேண்டும். வேகம் கூட்டுவதற்கும் அதிலிருந்தே. ஒருவர் முழுவதையும் வழித்துக்கொண்டால் மற்றவருக்கு இல்லை. நிமிர்ந்திருக்கும்போது பிரேக்கை வலிமையாகப் பிடிக்கலாம். சாயச் சாய அதனை விடவேண்டும். வளைவு திறந்த பிறகே முறுக்க வேண்டும். இந்தப் பங்கீட்டைக் கை தானே அறியும்வரை பழக வேண்டும். சிறு வண்டி இதனை நன்றாகக் கற்பிக்கும். அதனிடம் மிகை வலு இல்லாமையால், வளைவில் இழந்த வேகத்தை நேர்ப்பாதையில் மீட்க முடியாது. செய்த பிழை உடனே தெரியும். பெரிய வண்டியிலோ, பிழையை இயந்திரம் மூடி மறைத்துவிடும். மறைக்கப்பட்ட பிழை திருந்துவதில்லை. அது வளர்ந்து ஒரு நாள் வட்டியுடன் வரும்.

அமெரிக்கரான கீத் கோட் என்னும் பயிற்சியாளர் 1980ஆம் ஆண்டில் ஒரு மோட்டார் சைக்கிட் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அவர் மனிதனின் கவனத்தைக் கையிருப்புப் பணத்துக்கு ஒப்பிட்டார். ஓர் ஓட்டுநரிடம் இருப்பது பத்து டொலர் கவனம். புதியவர் வண்டியைச் சமாளிப்பதிலேயே பெரும்பகுதியைச் செலவிட்டுவிடுகின்றார். பழகப் பழகச் செலவு குறைந்து மிச்சம் பிடிக்கின்றார். இவ்வுவமை எமக்குப் பெரிதும் பிடித்தது. பெரிய வண்டி என்பது, ஏறியவுடனே பத்தையும் பறித்துக்கொள்ளும் சுங்கச் சாவடி. பிறகு கொடியைப் பார்க்கவும், தடத்தைப் படிக்கவும், பக்கத்தில் வருபவனை உணரவும் சல்லிக்காசு மிஞ்சாது.

உலகம் வியக்கும் வீரர்களும் படி ஏறியே போனார்கள். இத்தாலியரான வலன்ரினோ ரொஸ்ஸி 1997இல் 125 சி.சி. பிரிவிலும், 1999இல் 250 சி.சி. பிரிவிலும், 2001இல் 500 சி.சி. பிரிவிலும் உலக வாகையர் ஆனார். வண்டி செய்யும் நிறுவனமும் அவ்வாறே. ஹொண்டா 1959இல் மான் தீவுப் பந்தயத்துக்கு முதன்முதலாக வந்தபோது கொண்டுவந்தவை 125 சி.சி. வண்டிகளே. 1961இல் அங்கே 125, 250 பிரிவுகளை வென்றது. 500 சி.சி. உலகப் போட்டிப் பிரிவில் அது காலடி வைத்தது 1966இல். இயந்திரத்தை ஆக்கியவர்களுக்கே ஏழு ஆண்டு தேவைப்பட்டது. அதில் ஏறுபவருக்கு ஏழு மாதமாவது வேண்டாமா? அதி உயர் பந்தயமான மோட்டோ ஜீ.பி.யிலும் 2027ஆம் ஆண்டு தொடக்கம் இயந்திரத்தின் அளவை 1000 சி.சி.யிலிருந்து 850 சி.சி.யாகக் குறைக்க 2024இல் முடிவு செய்துவிட்டார்கள். உலகின் தலைசிறந்தவர்களுக்கே அளவைக் குறைக்கும் காலத்தில், முதன்முதலாகத் தடம் காணப் போகும் பிள்ளை எதற்காக ஆயிரத்திற் தொடங்க வேண்டும்?

ஆகவே, வண்டி தெரிவு செய்ய விரும்புவோர் முதலிற் கடைக்குப் போகாது கண்ணாடிக்கு முன்னே போய் நின்று சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். எத்தனை ஆண்டு ஓட்டியிருக்கின்றேன்? திடீரென்று பிரேக் பிடிக்க நேர்ந்தபோது என் கை இறுகியதா, இதமாக அழுத்தியதா? வளைவில் என் கண் எங்கே பார்க்கின்றது, முன்சக்கரத்தையா, வளைவின் முடிவையா? தடத்தில் யாரேனும் ஆசிரியர் என்னைப் பார்த்துத் திருத்தியதுண்டா? விடைகள் மனத்துக்கு உவப்பில்லாதவையாயின் 150 முதல் 200 சி.சி. வண்டியே உகந்தது. யமஹா ஆர்15 போன்ற 155 சி.சி. வண்டி, ஏறத்தாழ 18 பரிவலுவும் 140 கிலோ நிறையும் கொண்டு, கோயம்புத்தூர் போன்ற குறுகிய தடத்தில் ஒருவருக்குப் பல மாதப் பாடம் சொல்லித்தரும். வீதியில் நன்கு பழகியவருக்கு 300 முதல் 400 சி.சி. போதும், யமஹா ஆர்3 வண்டியின் 321 சி.சி.யும் 42 பரிவலுவும் பலருக்கு ஆயுளுக்கும் காணும். அதற்கு மேற்பட்டவை, தடத்திற் பல நாள் ஓடி, ஒவ்வொரு சுற்றையும் ஒரே அளவான நேரத்தில் முடிக்கக் கற்றவருக்கே உரியவை. ஒரு சுற்று விரைவாகவும் மறு சுற்று தடுமாறியும் ஓடுபவர் அடுத்த படிக்கு இன்னும் ஆயத்தம் இல்லை என்க.

உடலின் அளவும் பார்க்க வேண்டும். அமர்ந்த நிலையிற் கால் தரையில் ஊன்றுகின்றதா, விழுந்த வண்டியைத் தனியே தூக்கி நிறுத்த முடிகின்றதா, கைப்பிடி எட்டுகின்றதா என்று சோதிக்க வேண்டும். பணக் கணக்கோ வண்டி விலையுடன் முடிவதில்லை. பெரிய வண்டி ரயரைத் தின்னும். பிரேக் கட்டைகளைத் தின்னும். ஒரு முறை விழுந்தால் உதிரிப்பாகங்கள் வீட்டின் ஆறு மாதச் செலவைத் தின்னும். தடத்திலே என்றாவது ஒரு நாள் விழுவோம் என்பதை எழுதி வைத்துக்கொண்டு, உடைந்தால் அழாமல் திருத்தக்கூடிய வண்டியையே தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். விலையில் மிச்சம் பிடிக்கும் பணத்தை முகம் முழுவதும் மூடும் நல்ல தலைக்கவசம், தோலுடை, கையுறை, உயர் காலணி, முதுகுக் காப்பு ஆகியவற்றில் இட வேண்டும். பழைய வண்டியாயின் முன் கவை நேராக இருக்கின்றதா, சட்டத்தில் வெடிப்போ புதுப் பற்றுவைப்போ உண்டா, கைப்பிடியைத் திருப்பும்போது இடறுகின்றதா, எண்ணெய் எங்கேனும் கசிகின்றதா என்று பகல் வெளிச்சத்திற் பார்க்க வேண்டும். தடத்தில் ஒருவர் சிந்தும் எண்ணெய் அடுத்தவரின் எலும்பு முறிவு.

சிறு வண்டியாயின் ஆபத்தே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம், அது பொய். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில், இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலே தேசியப் போட்டியில் ஓடிய 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிர் நீத்தான். 2021ஆம் ஆண்டில் ஐரோப்பியத் தடங்களிற் பதின்பருவத்து வீரர் மூவர் மாண்டனர். அதன் பின்னரே, உலகப் பந்தயங்களுக்கான குறைந்த வயது 2023 தொடக்கம் 18 என உயர்த்தப்பட்டது. எமது நாட்டிலே, 2024 ஏப்ரலில் தியத்தலாவை நரிக்குன்றுப் பந்தயத்தில் ஒரு கார் தடம் விலகிப் பாய்ந்து, வேடிக்கை பார்த்து நின்ற சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தனர். தகுந்த வண்டி என்பது தாயத்து அன்று. அது பிழைப்பதற்கான இடைவெளியைச் சிறிது அகலமாக்கித் தருகின்றது, அவ்வளவே. ஆனால், அந்தச் சிறிய அகலத்திலேதான் பல உயிர்கள் தங்குகின்றன.

இவ்வளவையும் நாம் மருமகனுக்குத் தொலைபேசியிற் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் கேட்டிருக்க மாட்டான். அவன் விடுமுறைக்கு வந்தபோது, மாட்டு வண்டிற் சவாரி பார்க்க அழைத்துச் சென்றோம். வன்னியிலும் மன்னாரிலும் சவாரி என்றால் ஊரே திரளும் என்பதை வாசகர்கள் அறிவர். புழுதி பறக்க, காளைகள் இரண்டும் ஒரே உடலாய் நீண்டு ஓடும் அழகை அவன் வாய் பிளந்து பார்த்தான். காளைகளைத் தரம் பிரித்தே ஓட விடுகின்றார்கள் என்பதையும், புதிய நாம்பனைப் பழகிய மாட்டுடன் சோடி கட்டியே பழக்குகின்றார்கள் என்பதையும் ஒரு முதிய சவாரிக்காரர் அவனுக்கு விளக்கினார்.

"எல்லாவற்றிலும் வேகமான மாடு எது, ஐயா?" என்று மருமகன் கேட்டான்.

பெரியவர் சிரித்தார். "தம்பி, ஓடுகிற மாட்டை எவனும் ஓட விடுவான். நிற்பாட்டத் தெரிந்தவன்தான் சவாரிக்காரன்" என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் பேசவில்லை. எமது காறையெலும்பு முறிந்த கதையை அன்றுதான் அவனுக்கு முதன்முதலாகச் சொன்னோம். இத்தனை ஆண்டும் மறைத்ததன் காரணம் வெட்கமேயன்றி வேறில்லை. "மாமா, நீங்கள் விழுந்தீர்களா?" என்று அவன் வியந்தான். பெரியவர்கள் தாம் விழுந்த இடத்தை மறைத்து வைத்துவிட்டு, பிள்ளைகளை மட்டும் விழாதே என்பது எவ்வளவு பெரிய பிழை என்பதை அப்போது உணர்ந்தோம்.

இரவு சாப்பாட்டின் போது அவன் தாயைப் பார்த்து, "அம்மா, சங்கிலியைப் பெட்டியில் வையுங்கள்" என்றான். அவள் எம்மைப் பார்த்தாள். நாம் சோற்றைப் பார்த்தோம்.

சென்னைக்குத் திரும்பியதும் அவன் வண்டியே வாங்கவில்லை. பயிற்சிப் பள்ளி ஒன்றிற் சேர்ந்து, அவர்கள் கொடுத்த சிறு வண்டியில் இரண்டு நாள் ஓடினான். அன்றிரவே அழைத்தான். "மாமா, பெரிய வண்டியிலே ஒருவர் வந்தார். நேர்ப்பாதையில் என்னைக் கடந்து போய்விட்டார். அடுத்த வளைவிலே தடுமாறி நின்றார். நான் அமைதியாகக் கடந்து போனேன். அவரை வென்றதில் மகிழ்ச்சி இல்லை. நான் வாங்க நினைத்த வண்டியிலே என்னையே பார்த்ததுபோல் இருந்தது" என்றான். பின்னர், தன் சம்பளத்திற் சேமித்து, கைமாற்றாக ஒரு 310 வண்டியை வாங்கினான். இன்றும் அதிலேதான் ஓடுகின்றான். ஒரு முறை விழுந்தும் இருக்கின்றான். கையுறை தேய்ந்தது, கை தப்பியது. அதைத் தாயிடம் மறைக்காது தானே சொன்னான்.

தங்கைக்கு அச்சம் தீர்ந்துவிட்டது என்று எழுத எமக்கு ஆசைதான். தீரவில்லை. அவன் தடத்துக்குப் போகும் நாள்களில் அவள் கைத்தொலைபேசியை மடியிலேயே வைத்துக்கொண்டிருப்பாள். மாலையில் அவன் குரலைக் கேட்ட பிறகே அடுப்பு மூட்டுவாள். பிள்ளையின் ஆசைக்குத் தாய் கொடுக்கும் விலை அது. சங்கிலியை விற்றிருந்தாலும் அந்த விலை குறைந்திராது, கூடியே இருக்கும்.

வள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரத்தையே வகுத்தார். மெல்லிய மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்பது அதில் அவர் காட்டும் உண்மை. நாம் அதனோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்வோம். வண்டியின் அச்சு மட்டுமன்று, ஓட்டுபவனின் அச்சும் முறியும். மாணவ மணிகளே, வண்டியை வாங்குமுன் உங்கள் வலிமையை அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் நாணமுற வேண்டாம். குறைவு பயிற்சியால் நிறையும். பெற்றோர்களே, பிள்ளை கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே சங்கிலியைக் கழற்றவும் வேண்டாம். நீங்கள் விழுந்த இடத்தை ஒரு முறை அவர்களுக்குக் காட்டுங்கள்.

எமது எம்.டி. 90 இன்றும் திண்ணையோரம் நிற்கின்றது. மருமகன் வரும்போதெல்லாம் முதலில் அதைத்தான் உதைத்துப் பார்க்கின்றான்.